வளவில் காட்டுப்பூ: விதை போட்டு வளர்க்க ஏலுமா?

கேள்வி, 11 செப்டெம்பர் 2022

லண்டனில் இருக்கும் சித்தி ஒரு பொதி காட்டுப்பூ விதை அனுப்பியிருந்தா. பொதியின் மேல் உள்ள படத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு வயலே பூத்துக் கிடக்கிறது. மல்லாவியில் எங்கள் வளவில் இரண்டு தரம் தூவி, நாள் தவறாமல் தண்ணீரும் விட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கள் மண்ணில் காட்டுப்பூவை விதை போட்டு வளர்க்கவே ஏலாதா?

11 செப்டெம்பர் 2022, இரவு

ஏலும். மண்ணில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பொதியில் இருப்பது வேறொரு நாட்டின் காட்டுப்பூ. சிவப்பு பொப்பியாக இருக்கும், நீலம் கோர்ன்பிளவர். குளிர்நாட்டுக் காட்டு விதைகளில் பலவற்றுக்கு முளைக்க முன்னம் சில மாதங்கள் ஈரக்குளிரில் கிடக்க வேண்டும். பனிக்காலம் கழிந்ததை உணர்ந்த பிறகுதான் அவை கண் திறக்கும். எங்கள் ஊரில் ஆவணி மாதத்து மண்ணில் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த விதை எங்கே போய்க் குளிரைத் தேடும்?

மிச்சத்தைத் தூவ வேண்டாம். வெளிநாட்டு விதையை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்குச் சரியான காரணமும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் பற்றை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் வெடிப்பு ஒன்றில் ஒரு தும்பை வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. பற்றை வெட்ட வந்தவர்களிடம் அதை மட்டும் விடச் சொன்னேன். அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் நாற்பது ஐம்பது தும்பை. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. அன்றிலிருந்துதான் விதை பொறுக்கத் தொடங்கினேன்.

12 செப்டெம்பர் 2022

எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து பாருங்கள், தை மாதத்தில் தெரு ஓரத்தில் பூப்பதெல்லாம் உங்கள் வளவிலும் பூக்கும். தும்பை, காவிளாய், கிலுகிலுப்பை, ஆவரசு, வேலியில் ஏறுகிற நீலச் சங்குப்பூ, நிலத்தோடு படர்ந்து காலையில் மட்டும் நீலமாகக் கண் விழிக்கிற விஷ்ணுகிராந்தி. காசு கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை.

இப்போது செப்டெம்பர். இதுதான் நேரம். ஒக்டோபர் நடுவில் முதல் பெருமழை விழுமுன் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். காலபோகத்துக்கு வயல் விதைக்கிறவர்கள் பார்க்கிற அதே வானத்தைத்தான் நாங்களும் பார்க்கிறோம். நீங்கள் வெயில் காலத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டிருப்பீர்கள். வாளித் தண்ணீர் மேல் மண்ணை நனைத்துவிட்டு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். விதை அரைகுறையாக ஊறி, பிறகு வெந்து போகும். மாரி மழை அப்படி ஏமாற்றாது.

இந்த வருடம் ஊரெல்லாம் மரவள்ளியும் பயற்றையும் நடுகிறது. அரிசி விற்கிற விலையில் நானும்தான் நட்டிருக்கிறேன். ஆனால் மரவள்ளிக்கு இடையில் காவிளாய் நின்றால் மரவள்ளிக்கு நட்டமில்லை. அது அவரை இனம், வேரில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். யாழ்ப்பாணத்தில் காவிளாயைக் கட்டுக் கட்டாக வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்ப்பார்கள்.

14 செப்டெம்பர் 2022

விதை எடுக்கும் இடம் பற்றி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். காட்டுப்பூ என்று சொல்லிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் எதைப் பறித்தாலும் வனவளத் திணைக்களத்தின் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய விசயம் உங்களுக்கே தெரியும். கண்ணிவெடி எடுத்து முடித்த இடம் எது, முடியாத இடம் எது என்று தெரியாமல் ஒரு அடியும் வைக்கக் கூடாது. நான் எடுப்பது கிரவல் ரோட்டு ஓரம், குளக்கட்டு, தெரிந்தவர்களின் வளவு, கோயில் வீதி. இந்த நாலு இடமும் காணும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. ஒரு செடியை மொட்டையடிக்காதீர்கள். பத்துக் காய் நின்றால் இரண்டு மூன்று எடுங்கள்.

17 செப்டெம்பர் 2022

சங்குப்பூ விதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் எல்லோரும் தோற்றுப் போகிறார்கள்.

காய் பட்டாணிக்காய் மாதிரித் தட்டையாக, விரல் நீளத்துக்கு இருக்கும். பச்சையில் பறித்தால் பிரயோசனமில்லை. வைக்கோல் நிறத்துக்கு வந்து, தொட்டால் சரசரக்க வேண்டும். நல்ல வெயிலில் அது தானே வெடித்து, இரண்டு தோலும் முறுக்கிக்கொள்ளும். உள்ளே கறுப்பும் கபிலமுமாக விதை, சிலதில் புள்ளி போட்டிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், இறங்காது. தண்ணீரும் அப்படித்தான் இறங்காது. அந்தத் தோல் உடையும்வரை விதை இரண்டு மாரிகூடச் சும்மா கிடக்கும்.

நான் செய்வது இது. அம்மி அருகின் சொரசொரப்பில் விதையை வைத்து, பெருவிரலால் அழுத்தி ஏழெட்டுத் தரம் தேய்ப்பேன். கறுப்புத் தோல் ஒரு இடத்தில் தேய்ந்து உள்ளே வெளிறித் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பருப்புக் காயப்படும். பிறகு ஒரு சிரட்டைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுவேன். காலையில் பார்த்தால் தேய்த்த விதை இரண்டு மடங்காக வீங்கியிருக்கும். வீங்காமல் கல்லு மாதிரிக் கிடப்பதை எடுத்துத் திரும்பவும் தேய்க்கலாம். அரை விரல் ஆழத்தில் ஊன்றினால் ஒரு கிழமையில் முளை தெரியும். ஒரே காயில் எடுத்த விதையில் பாதியைத் தேய்த்தும் பாதியைத் தேய்க்காமலும் ஊன்றிப் பார்த்தேன். தேய்த்த பக்கம் அநேகமாக எல்லாம் வந்தது. மற்றப் பக்கம் ஒன்றே ஒன்று.

ஆவரசு, காவிளாய், கிலுகிலுப்பை எல்லாவற்றுக்கும் இதே தடித்த தோல்தான். ஆவரசுக்கு வெந்நீர் போடலாம். தும்பைக்கும் விஷ்ணுகிராந்திக்கும் ஒன்றும் வேண்டாம், மணலோடு கலந்து தூவிவிட்டு விளக்குமாற்றால் மெல்லத் தடவிவிட்டால் சரி.

2 ஒக்டோபர் 2022

மேலே ‘வெந்நீர் போடலாம்’ என்று ஒரு சொல்லில் எழுதியது என் பிழை. ஒரு பிள்ளை ஆவரசம் விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டிருக்கிறா. அது அவித்த கடலைதான், முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கின பிறகு விதையை அதற்குள் போடுங்கள். அப்படியே ஆற விட்டு மறுநாள் எடுங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றக் கூடாது. திருக்கொன்றைக்கும் இதே முறைதான். கொன்றைக்காயைக் காட்டில் கரடி உடைத்துத் தின்னும். எங்களிடம் கரடி இல்லை, உலக்கை இருக்கிறது.

19 ஒக்டோபர் 2022

மழை தொடங்கிவிட்டது. நேற்று விடிய நாலு மணிக்குக் கூரையில் கேட்டது. வெளியே வந்து நின்றேன். அந்த மண் வாசனையை எழுத எனக்குச் சொல் இல்லை. விதைத்த துண்டு கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில், பத்தடிக்கு இருபதடி இருக்கும். உரம், மாட்டெரு ஒன்றும் போடவில்லை. போட்டால் புல்லுத்தான் முந்தும். காட்டுப்பூவுக்கு மெலிந்த மண் போதும்.

20 ஒக்டோபர் 2022

எறும்பு. தும்பை விதையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகிறது. சுற்றிவரச் சாம்பல் போட்டேன். மழை அதைக் கரைத்துவிட்டது. திரும்பவும் போட்டேன்.

2 நவம்பர் 2022

மயில். கிலுகிலுப்பை நாற்றில் பாதி போய்விட்டது.

5 நவம்பர் 2022

இலந்தை முள்ளுக் கொப்புகளை வெட்டிக் கவிழ்த்துப் பரப்பியிருக்கிறேன். மயில் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நாற்று முள்ளுக்கு மேலே எழும்பின பிறகு கொப்பை எடுத்தால் போதும். கட்டாக்காலி மாட்டுக்கும் இதுதான் மருந்து. வலை வாங்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். வலையில் சாரைப் பாம்பு சிக்கிச் சாவதைக் கண்டிருக்கிறேன், அதனால் நான் போடுவதில்லை.

13 டிசெம்பர் 2022

பூவைப் பற்றி எழுத மனமில்லை. போன கிழமை வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்துவிட்டன. பக்கத்து வளவு அண்ணைக்கு நாலு போய்விட்டது. எல்லாம் வெளியில் பட்டியில் நின்றவை. விடிய ஐந்து மணிக்கு அவர் உரப்பையும் சாறமும் போட்டு மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கன்று ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது, எங்கள் குசினிக்குள் அடுப்படியில் கட்டி வைத்திருக்கிறோம்.

28 டிசெம்பர் 2022

கன்று எழும்பி நடக்கிறது.

பட்டிப்பூவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் அது தானாகப் பூத்துக் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மடகஸ்காரிலிருந்து வந்தது. அதன் இலையிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். விதை போடுவது என்றால் ஒன்றை மறக்கக் கூடாது, அதற்கு இருட்டு வேண்டும். மேலே தூவிவிட்டுப் போகாமல் மெல்லிய மண்ணால் மூடுங்கள்.

30 டிசெம்பர் 2022

நேற்று எழுதியதை, இல்லை, முந்தநாள் எழுதியதை வாசித்த ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். பட்டிப்பூ வெளிநாடு என்றால் மூக்குத்திப்பூவும் தொட்டாற்சுருங்கியும் உண்ணிச்செடியும் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தவைதானே, எதை எங்கள் காட்டுப்பூ என்பது?

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஊர் மட்டும் கணக்கில்லை. மற்றதை வாழ விடுகிறதா என்று பார்க்கிறேன். மூக்குத்திப்பூ புல்லுக்குள் தானும் ஒன்றாக நிற்கும், சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதில் தேன். இருக்கட்டும். உண்ணிச்செடியை அழகுக்கென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு அதன் பற்றைக்குக் கீழே வேறொன்றும் முளைக்காது. லண்டன் பொதியைத் தூவ வேண்டாம் என்றது இதற்காகத்தான். நூறில் தொண்ணூற்றொன்பது முளைக்காமல் போகும். மிச்ச ஒன்று உண்ணிச்செடி மாதிரி ஆகாது என்று யார் சொல்ல முடியும்?

15 ஜனவரி 2023

தைப்பொங்கல். முற்றத்தில் பொங்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். துண்டு முழுக்கப் பூ. தும்பை வெள்ளை, காவிளாய் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, கிலுகிலுப்பை மஞ்சள், வேலியில் நீலம். பறித்த தும்பையில் ஒரு பிடி சிவனுக்கு.

கிலுகிலுப்பையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கறுப்புச் சிறகில் வெளிர்நீலப் பொட்டு வைத்த வண்ணத்துப்பூச்சிகள், எண்ணினேன், பதினேழு, ஒரே செடியில். பூவில் இல்லை. மாடு மிதித்து வாடின ஒரு கொப்பில், இலையிலும் காயிலும் குந்திக் கால் நகத்தால் சுரண்டிச் சுரண்டி உறிஞ்சுகின்றன. என் நிழல் விழுந்தும் எழும்பவில்லை. தேடிப் படித்தேன். அந்தச் செடியில் ஒரு கசப்பு நஞ்சு இருக்கிறது. வருகிறவை அநேகமாக ஆண் பூச்சிகள். அந்த நஞ்சை எடுத்துத்தான் பெண் பூச்சியை அழைக்கும் வாசனையைச் செய்கின்றன, உடம்பில் அது இருந்தால் குருவியும் தின்னாது. ஆடு மாட்டுக்கு அந்தச் செடி கூடாது, பட்டிக்குக் கிட்ட விதைக்காதீர்கள். இதையும் நான் முதலிலேயே சொல்லவில்லை.

26 பெப்ரவரி 2023

மாமியும் நானும் ஒரு மாதமாக வாக்குவாதம். “உதென்ன பிள்ளை, முத்தத்தைக் கூட்டாமல் பத்தை வளர்க்கிறாய்?” என்று விடிய விடியக் கேட்கிறா. காய் வெடித்து விதை விழுகிற மாதம் இது. ஈர்க்குமாற்றால் அழுத்திக் கூட்டினால் அடுத்த வருடத்துப் பூ முழுக்கக் குப்பைக் கிடங்குக்குப் போய்விடும். வன்னியில் பூ குறைந்ததற்கு வெயில் காரணமில்லை, எங்கள் விளக்குமாறுதான் காரணம் என்று எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

4 மார்ச் 2023

மாமி சொன்னது சரி. நேற்றுப் பின்னேரம் துண்டுக்கு நடுவில் சருகை விலக்கினேன். ஒரு முழத்துக்கும் குறைவான சுருட்டை விரியன் பாம்பு, வளையம் வளையமாகச் சுருண்டு, செதிலைச் செதிலோடு உரசிச் சீறிக்கொண்டிருந்தது. அரிதட்டில் மணல் அரிக்கிற சத்தம். என் கை அதற்கு ஒரு சாண் தள்ளி. முற்றத்தை வெறும் மண்ணாகக் கூட்டி வைப்பது இதற்காகத்தான். இருட்டில் குழந்தை இறங்கி நடக்கிற இடம் அது. மாமி ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தா.

ஆகவே மாற்றிக்கொண்டேன். வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடி பளிச்சென்று கூட்டுவோம். பூ வேலியோரம். இடையில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வெறும் பாதை. விதை எடுக்கப் போகும்போது நீளத் தடியால் தட்டிவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். கூட்டின குப்பையை எரிக்காமல் வேலியோரம் கொட்டுகிறேன், விதையெல்லாம் அதற்குள் இருக்கிறது.

21 மே 2023

ஒன்றும் இல்லை. எல்லாம் காய்ந்து கபில நிறம். இதைக் கண்டு பயந்து பிடுங்கிவிடாதீர்கள். விதையைப் போத்தலில் அடைக்க முன்னம் நிழலில் நாலு நாள் காய வையுங்கள். ஒரு பிடி சாம்பல் சேர்த்தால் வண்டு விழாது. சொப்பிங் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

9 நவம்பர் 2023

வவுனியாவிலிருந்து படம் அனுப்பியவருக்கு: அது காட்டுப்பூ இல்லை, பாத்தீனியம். வெள்ளை மணி மாதிரிச் சின்னப் பூ, கரட் இலை மாதிரி இலை. அழகாகத்தான் இருக்கிறது. உடனே பிடுங்குங்கள், இன்னும் விதை கட்டுமுன். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். வெறுங்கையால் தொடாதீர்கள். நான் ஒருமுறை கையுறை இல்லாமல் இரண்டு மணித்தியாலம் பிடுங்கினேன், முழங்கைவரை தடித்துப் பத்து நாள் நித்திரை இல்லை. இழுப்பு உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. அது வளர்ந்த இடத்தில் தும்பையைத் தேட வேண்டாம்.

26 நவம்பர் 2023

கார்த்திகைப்பூவைப் பற்றி இவ்வளவு நாளும் நான் எழுதவில்லை. ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இந்த மண்ணில், இந்த மாதத்தில், அந்தப் பூவுக்கு வேறொரு பாரமும் இருக்கிறது. அதை ஒரு பூஞ்செடி என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. என் வீட்டிலும் ஒருவருக்காக அது பூக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

வளர்ப்பு முறையைச் சொல்கிறேன். விதை செம்மஞ்சள் நிறத்தில் மிளகை விடக் கொஞ்சம் பெரிது. 2021 மாரிக்கு முப்பது ஊன்றினேன். அந்த மாரிக்கு ஏழு வந்தது. மற்றது செத்துவிட்டது என்று நினைத்து மறந்துவிட்டேன், அடுத்த மாரிக்கு இன்னும் ஒன்பது தலை நீட்டியது. அதனால் இடத்துக்கு ஒரு தடி நட்டு வையுங்கள், கிண்டிவிடாதீர்கள். முதல் வருடம் மெல்லிய தண்டு ஒன்று, நாலைந்து இலை. மார்ச் மாதத்தில் அதுவும் காய்ந்து மறையும். மண்ணுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு இருக்கும். ஒவ்வொரு வருடமும் அது வளைந்து கலப்பை மாதிரி ஆகும், கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால்தான். மூன்றாம் வருடம் பூவை எதிர்பார்க்கலாம். ஏறுவதற்குக் கிளுவை வேலி போதும், இலை நுனியே சுருண்டு கம்பைப் பிடித்துக்கொள்ளும்.

செடி முழுக்க நஞ்சு. கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும். தமிழ்நாட்டில் மூலனூர், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று தோட்டமாகவே போட்டு விதையை மருந்துக்கு விற்கிறார்கள், கவுட் என்ற மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற கொல்சிசின் மருந்தை அதிலிருந்தும் எடுக்கிறார்கள். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இப்போது வேண்டாம், இன்னும் நாலைந்து வருடம் பொறுங்கள். விதை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

30 நவம்பர் 2024

ஒரு வருடம் எழுதவில்லை. இப்போதும் வெள்ளத்துக்குள் இருந்துதான் எழுதுகிறேன். மூன்று நாள் விடாத மழை, குளம் வான் பாய்கிறது. கிணற்றடித் துண்டில் முழங்கால் தண்ணீர். விதைத்ததெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். கார்த்திகைக் கிழங்கு தண்ணீருக்குள் கிடந்தால் அழுகும்.

11 டிசெம்பர் 2024

தண்ணீர் வடிந்துவிட்டது. தாழ்வில் இருந்த கிழங்கெல்லாம் கையால் தொட்டால் கூழ். வேலியின் மேட்டுப் பக்கம் ஐந்து தப்பியிருக்கிறது. தும்பை விதை எங்கேயும் போகவில்லை, வெள்ளம் அதை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. எங்கள் படலையிலிருந்து பிரதான ரோட்டுவரை இரண்டு பக்கமும் பச்சைப் பொட்டுகளாக முளைத்து நிற்கிறது.

23 டிசெம்பர் 2024

கார்த்திகை பூத்துவிட்டது, விதை போட்டு மூன்று வருடம் கழித்து. ஆறு இதழும் முதலில் பச்சையாகத் தொங்கின. மறுநாள் மேல் நோக்கி மடிந்து, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக, ஓரமெல்லாம் நெளிந்து. இன்றைக்கு முழுச் சிவப்பு. மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

சூல்தண்டு அடியிலேயே ஒரு பக்கமாக மடிந்து, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. பூச்சி வராவிட்டால் காய் பிடிக்காது. தமிழ்நாட்டில் தோட்டக்காரர் கையாலேயே தொட்டு வைப்பார்கள். நானும் ஒரு கோழி இறகால் இந்தப் பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றப் பூவின் நுனியில் தடவினேன்.

மல்லாவிப் பிள்ளைக்கு: உங்கள் சங்குப்பூ வேலி பார்த்தேன், நல்லாயிருக்கு. வெள்ளைச் சங்குப்பூ விதை இருந்தால் எனக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

19 ஜனவரி 2025

இரண்டு காய் பிடித்திருக்கிறது. இன்னும் பச்சை. தோல் சுருங்கி வெடித்துச் செம்மஞ்சள் தெரியும்வரை தொட மாட்டேன். மயில் காணாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டியிருக்கிறேன்.